சர்க்கரை நோயாளியின் இரவு

சர்க்கரை நோய்க்கான சிகிச்சை என்றால் உணவுக் கட்டுப்பாடு, நடைப்பயிற்சி, மாத்திரை, தேவைப்பட்டால் இன்சுலின் என்று தமிழ்நாட்டின் எந்தக் கிராமத்திலும் இன்று சொல்லிவிடுவார்கள். அந்த அளவுக்கு இந்நோயைப் பற்றிய அறிவு கடந்த இருபது ஆண்டுகளில் பரவியிருக்கிறது. அந்த வரிசையில் தூக்கத்துக்கு மட்டும் இன்னும் இடம் கிடைக்கவில்லை. இரவில் நான்கு முறை எழுந்து வெளியே போவதும், கால் எரிச்சலால் விடியும்வரை புரண்டு கிடப்பதும், குறட்டையின் நடுவே மூச்சுத் திணறி விழிப்பதும் வயதானால் வருபவை, கவலையால் வருபவை என்று நோயாளியே முடிவு செய்துகொண்டு மருத்துவரிடம் சொல்லாமல் விட்டுவிடுகிறார். மருத்துவரும் வெளியே காத்திருக்கும் கூட்டத்தை நினைத்துக் கேட்காமல் விட்டுவிடுகிறார். இத்தனைக்கும் அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் ஐரோப்பிய நீரிழிவு ஆய்வுச் சங்கமும் சேர்ந்து 2022இல் வெளியிட்ட சிகிச்சை நெறிமுறை, உடலுழைப்பைப் போலவே தூக்கத்தின் அளவும் தரமும் இரத்தச் சர்க்கரையை ஏற்றி இறக்கக்கூடியவை என்று வெளிப்படையாகச் சொல்லி, அதைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே சேர்த்திருக்கிறது.

இது எத்தனை பேரைப் பற்றிய பேச்சு என்பதை முதலில் பார்த்துவிடுவது நல்லது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுவதும் 1,13,043 பேரிடம் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் சர்க்கரை நோயுடன் வாழ்கிறார்கள். தமிழ்நாட்டில் இருபது வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு 14.4 பேருக்கு இந்நோய் உண்டு. நகரத்து நோய், உட்கார்ந்து வேலை செய்வோரின் நோய் என்று ஒரு காலத்தில் கருதப்பட்ட இது, இன்று வயலில் இறங்கி வேலை செய்வோரையும் விட்டுவைக்கவில்லை. பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995இல் பிரிந்த பெரம்பலூரும், அதிலிருந்து 2001இல் பிரிந்து மறு ஆண்டே இணைக்கப்பட்டு 2007இல் மீண்டும் தனி மாவட்டமான அரியலூரும் பெரும்பாலும் கிராமங்களால் ஆனவை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பெரம்பலூரின் மக்கள்தொகை 5,65,223. அரியலூரின் மக்கள்தொகை 7,54,894. மானாவாரி நிலத்தில் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம், செந்துறை, ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரி, கறவை மாடு, சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமென்ட் ஆலை என்று பிழைப்பு நடத்தும் இந்த மண்ணில் இரவு என்பது பலருக்கு ஓய்வுக்கான நேரமாக இருப்பதில்லை. அதனால்தான் தூக்கமும் சர்க்கரையும் ஒன்றையொன்று கெடுக்கும் விதத்தை இங்கே தனியாக எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தூக்கம் குறைந்தால் சர்க்கரை ஏறுமா என்ற கேள்விக்கு 1999இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சிறிய ஆய்வு தெளிவான விடை கொடுத்தது. ஆரோக்கியமான பதினோரு இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்க விட்டு, பிறகு அவர்களுடைய இரத்தத்தில் குளுக்கோசைச் செலுத்திப் பார்த்தபோது, நன்றாகத் தூங்கிய நாட்களோடு ஒப்பிட அந்தக் குளுக்கோசு இரத்தத்திலிருந்து வெளியேறும் வேகம் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்திருந்தது. நெருக்கடி வேளையில் சுரக்கும் கார்ட்டிசால் என்னும் இயக்குநீரும் மாலை நேரத்தில் அதிகமாக இருந்தது. ஒரு வாரத் தூக்கக் குறைவே நோயற்ற இளைஞரின் உடலை நோயின் வாசல்வரை கொண்டுபோகும் என்றால், ஏற்கெனவே இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காத உடலில் அது என்ன செய்யும் என்பதை ஊகிப்பது கடினமன்று. தூக்கத்தின் நேரத்தைக் குறைக்காமல் ஆழத்தை மட்டும் கலைத்தாலும் இதே விளைவு உண்டாகிறது என்பதை அதே பல்கலைக்கழகத்தின் 2008ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. பல நாடுகளின் நெடுங்கால ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியான ஒரு கணக்கீட்டில், ஐந்து ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்குவோருக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28 விழுக்காடு கூடுதலாகவும், நடு இரவில் அடிக்கடி விழித்து எழுவோருக்கு 84 விழுக்காடு கூடுதலாகவும் இருந்தன. நேரத்தைக் காட்டிலும் துண்டு துண்டாகிப்போன தூக்கமே பெரிய கேடு என்பது இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால் விளங்கும்.

சர்க்கரை நோயாளியின் தூக்கம் துண்டாவதற்கு முதற்காரணம் சிறுநீர். இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராம் வரை குளுக்கோசு இருந்தால் சிறுநீரகம் அதை வடிகட்டி மீண்டும் இரத்தத்துக்கே திருப்பிவிடும். அந்த அளவைத் தாண்டும்போது திருப்ப முடியாத சர்க்கரை சிறுநீரோடு போகிறது, போகும்போது தன்னோடு நீரையும் இழுத்துச் செல்கிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை 250, 300 என்று நிற்பவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்துதான் ஆக வேண்டும். எழுந்ததும் நாக்கு வறண்டிருக்கும், ஒரு சொம்பு தண்ணீர் குடிப்பார், அதுவே அடுத்த முறை எழுப்பும். இதைத் தவிர்க்க எண்ணி மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும் வழக்கம் பலரிடம் உண்டு. வெயில் காலத்தில் பகலெல்லாம் வெங்காயம் அறுத்தோ பருத்தி எடுத்தோ வேர்வை சிந்திய உடலுக்கு அது நல்லதன்று. இரத்தம் மேலும் செறிந்து சர்க்கரையின் அளவு கூடும், சிறுநீரகத்தின் சுமையும் கூடும். படுப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் மட்டும் குறைத்துக்கொண்டு, குடிக்க வேண்டிய தண்ணீரைப் பகலிலேயே குடித்துவிடுவதுதான் முறை.

இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க நேர்வதற்குச் சர்க்கரை மட்டுமே காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கலாம். சிறுநீர்த் தொற்று இருக்கலாம். சிறுநீரகமோ இதயமோ தளர்ந்திருக்கலாம். இரத்தக் கொதிப்புக்கான சில மாத்திரைகளால் பகலில் காலில் தேங்கும் நீர், படுத்தவுடன் இரத்தத்தில் கலந்து சிறுநீராக வெளியேறலாம். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையையோ, சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் டாபாகிளிப்ளோசின் வகை மாத்திரையையோ காலையில் விழுங்குவதற்குப் பதிலாக மாலையில் விழுங்கியிருக்கலாம். மாத்திரை விழுங்கும் வேளையை மாற்றியதனாலேயே தூக்கம் திரும்பியவர்கள் உண்டு. ஆனால் வேளையை மாற்றும் முடிவு மருத்துவருடையதாக இருக்க வேண்டும். கழிப்பறை வீட்டுக்கு வெளியே கொல்லைப்புறத்தில் இருக்கும் வீடுகளில் இது வெறும் தூக்கப் பிரச்சினையாக நிற்பதுமில்லை. கண் பார்வை மங்கி, பாதம் மரத்துப்போன முதியவர் இருட்டில் வாசற்படி தடுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறிகிறது. செருப்பில்லாமல் நடந்து காலில் ஏறிய முள் மறுநாள்வரை தெரியாமல் புண்ணாகிறது. கொல்லைக்குப் போகும் வழியில் ஒரு விளக்கும், படுக்கையருகே ஒரு ஜோடி செருப்பும் இருந்தால் தடுத்துவிடக்கூடிய இத்தகைய விபத்துகளைச் சர்க்கரை நோயின் கணக்கில் யாரும் எழுதுவதில்லை.

அடுத்தது கால். நெடுநாள் கட்டுப்படாத சர்க்கரை, உடலின் மிக நீண்ட நரம்புகளின் நுனிகளை முதலில் தாக்குவதால் பாதங்களில்தான் தொல்லை தொடங்கும். மிளகாய் அரைத்துப் பூசியது போன்ற எரிச்சல், மின்சாரம் பாய்வது போன்ற சுரீர் வலி, போர்வை பட்டாலே தாங்காத கூச்சம் ஆகியவை பகலில் வேலையின் நடுவே மறந்திருந்து, படுத்ததும் தலைதூக்கும். நரம்பு நலிவு எனப்படும் இந்த நிலைக்கு வீட்டு வைத்தியமாக எண்ணெய் தேய்ப்பதும், ஈரத்துணி சுற்றுவதும், சில இடங்களில் வெந்நீரில் காலை முக்கி வைப்பதும் வழக்கம். சூடு உணராத பாதத்தை வெந்நீரில் வைப்பது பேராபத்து. தோல் வெந்து கொப்புளமான பிறகே கண்ணில் படும். பிரிகாபலின், டுலாக்செடின், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகள் இந்த எரிச்சலைக் கணிசமாகக் குறைத்துத் தூக்கத்தை மீட்டுத் தருகின்றன. மெட்பார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் சாப்பிடுவோருக்கு உடலில் பி12 வைட்டமின் குறைந்து, அதுவும் இதே போன்ற நரம்புத் தொல்லையைத் தரும் என்பதால் அந்த அளவையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

எரிச்சலோ வலியோ இல்லாமல், படுத்ததும் கால்களை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற அடக்க முடியாத உந்துதல் வருவது வேறொரு நோய். கால் குடைச்சல் என்று பொதுவாகச் சொல்லப்படும் இதை மருத்துவம் அமைதியற்ற கால்கள் நோய்க்குறி என்கிறது. அசையாமல் இருக்கும்போது தொடங்கும், எழுந்து நடந்தால் அடங்கும், மாலையிலும் இரவிலும் மிகும் என்பவை இதன் அடையாளங்கள். இதற்கும் உடலின் இரும்புச் சத்துக் குறைவுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. சிறுநீரகம் பழுதுபட்ட சர்க்கரை நோயாளிகளிடமும் இது அதிகம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தச் சோகை உள்ளது என்ற நிலையில், இரவெல்லாம் மகளை அழைத்துக் காலைப் பிடித்துவிடச் சொல்லும் தாய்க்குத் தேவைப்படுவது வலி மாத்திரையா, இரும்புச் சத்தா என்பதை ஓர் இரத்தப் பரிசோதனை சொல்லிவிடும்.

இவை எல்லாவற்றையும்விட அதிகம் மறைந்து கிடப்பது குறட்டை. ஒருவர் குறட்டை விட்டால் அயர்ந்து தூங்குகிறார் என்று நினைப்பது ஊர் வழக்கம். உண்மையில் பலமான குறட்டை, காற்று போகும் வழி குறுகிவிட்டது என்பதன் ஒலி. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. கழுத்தைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்திருந்தாலோ தாடை சிறுத்துப் பின்தள்ளி இருந்தாலோ அந்தத் தளர்வில் மூச்சுக்குழாயின் மேற்பகுதி அடைபட்டு மூச்சு பத்து விநாடியோ அதற்கு மேலோ நின்றுவிடுகிறது. இரத்தத்தில் ஆக்சிசன் குறைய, மூளை அதிர்ந்து விழித்து, உறுமலோடு மூச்சை மீட்கிறது. தூங்குபவருக்கு அந்த விழிப்பு நினைவில் நிற்பதில்லை. தூக்க மூச்சடைப்பு எனப்படும் இது ஒரு மணி நேரத்தில் ஐந்து முறைக்கு மேல் நேர்ந்தால் நோய் என்றும், முப்பது முறைக்கு மேல் நேர்ந்தால் கடுமையானது என்றும் கணக்கிடப்படுகிறது. ஒவ்வொரு முறையும் அட்ரினலின் பொங்கி, கல்லீரல் சேமிப்பிலிருந்து சர்க்கரையை இரத்தத்தில் கொட்டுகிறது, இரத்த அழுத்தம் எகிறுகிறது. மூன்று மாத்திரை சாப்பிட்டும் காலைச் சர்க்கரையும் கொதிப்பும் அடங்காத நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. உடல் பருமனும் சர்க்கரை நோயும் சேர்ந்திருந்த 306 அமெரிக்கர்களைச் சோதித்து 2009இல் வெளியான ஆய்வில், அவர்களில் நூற்றுக்கு 86 பேருக்கு இந்த மூச்சடைப்பு இருந்தது; பெரும்பாலோருக்கு அதுவரை அது தெரியாது.

தென்னாட்டில் பருமன் குறைவுதானே என்று இதை ஒதுக்கிவிட முடியாது. மெலிந்த கை கால்களோடு வயிறு மட்டும் முன்தள்ளிய உடல்வாகும், குறுகிய தாடையும் கொண்டோருக்கு எடை அதிகமில்லாமலே மூச்சடைப்பு வரும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் வரும், ஆனால் பெண் குறட்டை விடுவதை வெளியே சொல்வது கூச்சத்துக்குரியதாக வைக்கப்பட்டிருப்பதால் அவர்கள் மருத்துவரிடம் வந்து சேருவதே அரிது. காலையில் தலைவலியோடு எழுவது, எட்டு மணி நேரம் படுத்தும் களைப்பு நீங்காதிருப்பது, பேருந்தில் அமர்ந்ததும் கண் சொருகுவது, பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிழுவது ஆகியவை பகலில் தெரியும் அறிகுறிகள். அரியலூர்ச் சாலைகளில் சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட்டும் ஏற்றி இரவு பகலாக ஓடும் லாரிகளின் ஓட்டுநர்களுக்கு இந்தப் பகல் தூக்கம் என்னவாகும் என்பதை விளக்கத் தேவையில்லை. அவர்களுக்கு நடத்தப்படும் கண் பரிசோதனை முகாம்களில் கழுத்தளவையும் குறட்டையையும் பற்றி இரண்டு கேள்விகள் சேர்க்கப்பட்டால் ஓட்டுநரோடு எதிரே வருபவரும் பிழைப்பார்.

நோயை உறுதி செய்யத் தூக்க ஆய்வு எனப்படும் ஓரிரவுப் பரிசோதனை தேவை. மூச்சு, ஆக்சிசன் அளவு, நாடித்துடிப்பு ஆகியவற்றை மட்டும் பதிவு செய்யும் சிறு கருவியை வீட்டுக்கே எடுத்துச் சென்று அணிந்து தூங்கும் எளிய முறையும் இப்போது உண்டு. சிட்னியைச் சேர்ந்த மருத்துவர் காலின் சல்லிவன் 1981இல் அறிமுகப்படுத்திய கருவி, முகமூடி வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தித் தொண்டை அடைபடாமல் தாங்கிப் பிடிக்கிறது. பகல் தூக்கத்தைப் போக்குவதிலும் இரத்த அழுத்தத்தைத் தணிப்பதிலும் அதன் பயன் உறுதியானது. சர்க்கரையை நேரடியாகக் குறைப்பதில் ஆய்வு முடிவுகள் ஒருமுகமாக இல்லை. எடையைப் பத்து விழுக்காடு குறைத்தாலே மூச்சடைப்பு குறிப்பிடத்தக்க அளவில் குறைகிறது. மல்லாந்து படுப்பதை விட்டு ஒருக்களித்துப் படுப்பதும், மதுவை விடுவதும் செலவில்லாத மருத்துவங்கள். மது தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்துவதால், அலுப்புக்கு என்று சொல்லி இரவில் குடிப்பவர் தம் மூச்சையே அடைத்துக்கொள்கிறார்.

தூக்கத்தில் சர்க்கரை ஏறுவதைவிட இறங்குவது உடனடி ஆபத்து. டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அது தாழ்நிலை. 54க்குக் கீழே போனால் மூளையின் செயல்பாடே தடுமாறும். விழித்திருப்பவர் நடுக்கம், வேர்வை, படபடப்பு ஆகியவற்றால் உணர்ந்து எதையாவது சாப்பிட்டுவிடுவார். ஆழ்ந்த தூக்கத்தில் உடலின் இந்த எச்சரிக்கை மணி மங்கிவிடுகிறது. தலையணை நனையும் அளவுக்கு வேர்த்தல், பயங்கரக் கனவுகள், தூக்கத்தில் பிதற்றுதல், காலையில் தலைவலியும் குழப்பமும் ஆகியவற்றை வீட்டார்தான் கவனிக்க முடியும். இன்சுலின் போடுவோருக்கும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை சாப்பிடுவோருக்கும் இந்த ஆபத்து உண்டு. பெரம்பலூர், அரியலூர் கிராமங்களின் வாழ்க்கைமுறை இதைக் கூட்டுகிறது. பகல் முழுக்கக் களைவெட்டியோ மூட்டை தூக்கியோ தசைகள் செலவழித்த சர்க்கரையை உடல் இரவில்தான் இரத்தத்திலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்ளும். அந்த இரவில் அலுப்பில் சாப்பிடாமல் மாத்திரையை மட்டும் விழுங்கிப் படுப்பவருக்குப் பின்னிரவில் சர்க்கரை சரியும். அத்தகைய வேளையில் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பார்த்து, பிறகு உணவு தர வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழைக்க வேண்டும்.

இதோடு சேர்த்து நீக்க வேண்டிய ஒரு தவறான புரிதல், வெறும் வயிற்றுச் சர்க்கரையைப் பற்றியது. இரவு சாப்பிடாமல் படுத்தும் காலையில் 180 காட்டுகிறது என்றால், விடியற்காலை மூன்று மணியிலிருந்து வளர்ச்சி இயக்குநீரும் கார்ட்டிசாலும் சுரந்து, நாளைத் தொடங்கத் தேவையான சர்க்கரையைக் கல்லீரலிலிருந்து வெளியேற்றுவதே பெரும்பாலும் காரணம். விடியல் நிகழ்வு எனப்படும் இந்த ஏற்றம் எல்லோருக்கும் உண்டு. சர்க்கரை நோயாளியின் உடலால் அதைச் சமாளிக்க முடிவதில்லை என்பதே வேறுபாடு. இரவில் தாழ்ந்த சர்க்கரைக்கு எதிர்வினையாகக் காலையில் ஏறுகிறது என்று மைக்கேல் சோமோகி 1938இல் முன்வைத்த விளக்கம் நெடுங்காலம் பாடநூல்களில் இருந்தது. இரவு முழுவதும் சர்க்கரையைத் தொடர்ந்து பதிவு செய்யும் கருவிகள் வந்த பிறகு அப்படி நேர்வது அரிது என்று தெரியவந்தது. காலை அளவைக் கண்டு அஞ்சி இரவுச் சாப்பாட்டை அடியோடு நிறுத்துவது, மேற்சொன்ன மாத்திரைகளைச் சாப்பிடுவோரைப் பின்னிரவு ஆபத்தில் தள்ளும். இரண்டு மூன்று நாட்கள் பின்னிரவு மூன்று மணிக்கு ஒருமுறை அளந்து குறித்துக்கொண்டு போனால் மருத்துவரால் சரியான முடிவு எடுக்க முடியும்.

நோயின் செயலால் கெடும் தூக்கத்தைப் பற்றி இதுவரை பேசப்பட்டது. பிழைப்பின் கட்டாயத்தால் கெடும் தூக்கம் இதற்குச் சற்றும் குறைந்ததன்று. அரியலூரின் மண்ணுக்கடியில் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக்கல் இருப்பதால்தான் ரெட்டிப்பாளையம், தளவாய், கோவிந்தபுரம் என்று சிமென்ட் ஆலைகள் எழுந்தன. சிமென்ட் சூளை ஏறத்தாழ 1,450 பாகை வெப்பத்தில் இடைவிடாமல் எரிய வேண்டியது. அதை அணைத்து மறுநாள் ஏற்றுவது என்பது இயலாது. ஆகவே மனிதர்கள் முறைவைத்து விழித்திருக்கிறார்கள். உடலின் ஒவ்வொரு செல்லிலும் பகல் இரவை அறியும் ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பதன் மூலக்கூறு நுட்பத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கடிகாரத்தின்படி கணையம் இரவில் குறைவாகவே இன்சுலின் சுரக்கும். எனவே பகல் பத்து மணிக்குச் சாப்பிடும் அதே நான்கு பரோட்டா இரவு ஒரு மணிக்கு உள்ளே போனால் சர்க்கரையை அதிகமாக ஏற்றும். அமெரிக்கச் செவிலியர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2011இல் வெளியான ஆய்வில், மாறி மாறி வரும் இரவுப் பணியில் கழித்த ஆண்டுகள் கூடக் கூடச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் கூடியது.

இரவுப்பணிச் சட்டையும் சம்பளச் சீட்டும் இல்லாமலே இரவுப்பணி செய்பவர்கள் விவசாயிகள். மும்முனை மின்சாரம் பகலில் சில மணி நேரமும் இரவில் சில மணி நேரமும் என்று முறைவைத்துத் தரப்பட்ட காலத்தில், மோட்டார் போடவும் வாய்க்கால் மடை மாற்றவும் நள்ளிரவில் வயலுக்குப் போவது விவசாயியின் வாழ்க்கையாகவே ஆகிவிட்டது. கதிர் முற்றும் பருவத்தில் மக்காச்சோளக் கொல்லையைக் காட்டுப்பன்றியிடமிருந்து காக்க வரப்பில் விழித்திருப்பவர்களும், இரவு பத்தரைக்குத் தொடர் நாடகம் முடிந்து படுத்து, பால் கறக்க விடியற்காலை நான்கு மணிக்கு எழும் பெண்களும் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் தூங்குவதே இல்லை. இவர்களை நோக்கி ஏழு மணி நேரம் தூங்குங்கள் என்று சொல்வது எளிது, பயனற்றதும் கூட. வாரத்தில் எந்த நாட்களில் இரவு விழிக்க நேரும் என்பதைக் கேட்டறிந்து, அந்நாட்களுக்கு மருந்தின் அளவையும் வேளையையும் மாற்றிச் சொல்வதே மருத்துவர் செய்யக்கூடிய உருப்படியான உதவி. மதியம் அரை மணி நேரம் கண்ணயர்வது, விழித்திருக்கும் இரவில் முழுச் சாப்பாட்டைத் தவிர்த்துச் சுண்டலோ மோரோ எடுத்துக்கொள்வது, பிற்பகலுக்குப் பின் தேநீரைக் குறைப்பது ஆகியவை இவர்களால் செய்ய முடிந்தவை. மின்சாரத்தைப் பகலிலேயே தடையின்றித் தருவது அரசு செய்யக்கூடியது. அதை வேளாண் கோரிக்கையாக மட்டுமன்றி உடல்நலக் கோரிக்கையாகவும் எழுப்ப வேண்டும்.

மனமும் இதில் பங்கு வகிக்கிறது. வாழ்நாள் முழுவதும் தீராத நோய், கூடிக்கொண்டே போகும் மாத்திரை, கால் எடுக்க நேருமோ என்ற அச்சம், சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை பார்க்கும் மகனின் கடன் என்று தனியே கிடந்து நினைக்கும்போது தூக்கம் விலகுகிறது. சர்க்கரை நோயாளிகளிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகம் என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை. விடியற்காலை மூன்று மணிக்கே விழித்து மீண்டும் தூங்க முடியாமல், எதிலும் நாட்டமின்றி இரண்டு வாரத்துக்கு மேல் ஒருவர் இருந்தால் அது மருத்துவம் பார்க்க வேண்டிய நிலை. அதைப் பைத்தியத்துக்கான வைத்தியம் என்று எண்ணி ஒதுங்குவதால் சர்க்கரையும் சேர்ந்தே கெடுகிறது.

இவ்வளவு காரணங்கள் இருக்க, தூக்கம் வரவில்லை என்று மருந்துக் கடைக்குப் போனவுடன் கிடைத்துவிடும் தூக்க மாத்திரை இவற்றில் ஒன்றைக்கூடச் சரிசெய்வதில்லை. அல்ப்ராசோலம் வகை மாத்திரைகள் தொண்டைத் தசைகளைத் தளர்த்தியும், மூச்சு நிற்கும்போது மூளை விழித்தெழுவதைத் தாமதப்படுத்தியும் மூச்சடைப்பை மோசமாக்கும். சிறுநீருக்கு எழுபவரைத் தள்ளாட வைத்து விழச் செய்யும். பின்னிரவில் சர்க்கரை இறங்கினால் விழிக்க விடாமல் செய்யும். சில வாரங்களிலேயே அது இல்லாமல் தூங்க முடியாத பழக்கத்தையும் உண்டாக்கும். நாட்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது மாத்திரையன்று, படுக்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் ஒழுங்குபடுத்தி, தூக்கம் பற்றிய அச்சத்தைக் களையும் பேச்சுவழிச் சிகிச்சையே என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. அது நகரத்து மனநல மருத்துவரிடம் மட்டுமே கிடைக்கும் அரிய பொருளாக இருக்க வேண்டியதில்லை. தினமும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வராமல் இருபது நிமிடம் கடந்தால் எழுந்து வேறிடத்தில் அமர்வது, கைப்பேசியைப் படுக்கைக்கு எடுத்துச் செல்லாதிருப்பது என்ற அதன் அடிப்படைகளைப் பயிற்சி பெற்ற ஒரு செவிலியரே கற்றுத்தர முடியும்.

இதற்கான அமைப்பு இந்த இரு மாவட்டங்களிலும் ஏற்கெனவே உள்ளது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ், சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்குமான மாத்திரைகளைப் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியும், பெரம்பலூர் மாவட்டத் தலைமை மருத்துவமனையும், ஆரம்ப சுகாதார நிலையங்களும் அடுத்தடுத்த நிலைகளில் இருக்கின்றன. மாத்திரை தரும் கையோடு அந்தத் தன்னார்வலர் ஐந்து கேள்விகள் கேட்டால் போதும்: இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள், கால் எரிச்சலோ குடைச்சலோ தூங்க விடுகிறதா, குறட்டையின் நடுவே மூச்சு நிற்பதை வீட்டில் யாராவது பார்த்ததுண்டா, தூக்கத்தில் உடல் நனைய வேர்த்ததுண்டா, பகலில் உங்களை அறியாமல் கண் மூடுகிறதா. ஐந்துக்கும் விடை வாங்க இரண்டு மூன்று நிமிடமே ஆகும். குறித்துக்கொள்ள அவர்களிடம் ஏற்கெனவே பதிவேடு இருக்கிறது. சர்க்கரை அளவையும் இரத்த அழுத்தத்தையும் எழுதும் அதே பக்கத்தில் இந்த விடைகளுக்கும் ஓர் இடம் ஒதுக்கச் சுகாதாரத் துறை ஆணையிட்டால், புதிய கட்டடமும் புதிய பணியிடமும் இல்லாமலே பல்லாயிரம் பேரின் இரவு முதன்முறையாக மருத்துவரின் பார்வைக்கு வரும்.

அந்த ஆணை வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. சர்க்கரைக்கு மருந்து எடுத்துக்கொள்ளும் ஒவ்வொருவரும் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, அவர் கேட்காவிட்டாலும், இரவில் நடப்பதைத் தாமாகவே சொல்ல வேண்டும். குறட்டையையும் வேர்வையையும் பார்த்தவர் துணைவரோ மகளோதான் என்பதால் அவர்களையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும்.